பாயின் காதும் மாமாவின் புல்லட்டும்

எண்பதுகளின் கடைசியில் கடலூர் முதுநகரில் புல்லட்டைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவர் இருந்தார். வண்டிதான் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. 1985-இல் ஹீரோ ஹோண்டாவின் சிடி 100 வந்ததிலிருந்து கல்யாண வீட்டுத் திண்ணையில்கூட மைலேஜ் பேச்சுதான். என் தாய்மாமா வைத்திருந்தது 1984 மாடல் புல்லட் 350. சர்க்கரை ஆலைக்காகக் கரும்பு வயல் பார்க்கும் வேலை அவருக்கு. நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி, சேத்தியாத்தோப்பு என்று அந்த வண்டியிலேயே அலைந்தார். "சம்பளத்துல பாதியை அதுவே குடிக்குது, வித்துத் தொலைங்க" என்று அத்தை சொல்லாத நாள் கிடையாது.

இன்று அதே வண்டி வாசலில் நின்றால் முன்பின் தெரியாத பையன்கள் நிறுத்தி விலை கேட்கிறார்கள். திறந்து பார்க்கத்தான் அந்தத் தெருக்களில் ஆளில்லை.

மாமாவுக்கு அது "மெட்ராஸ் வண்டி". அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்துக் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. எழுபதுகள் பிறந்தபோது இங்கிலாந்துத் தாய்க் கம்பெனியே மூடிப்போனது, திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977-இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் கப்பலேறியது. இதைச் சொல்லும்போதெல்லாம் மாமாவின் குரல் உயரும்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு வண்டி கொட்டகையில் நின்றுவிட்டது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கொட்டகைக் கூரையைக் கொண்டுபோனது. 2015 வெள்ளத்தில் எஞ்சின் வரைக்கும் தண்ணீர். மாமா காலமான பின்னும் காயலான் கடைக்காரர்கள் வந்து கேட்டார்கள். வித்துத் தொலைக்கச் சொன்ன அத்தைதான் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, வருடா வருடம் தார்ப்பாய் மாற்றி அதைக் காப்பாற்றி வைத்திருந்தார். என்னிடம் சாவியைக் கொடுத்தபோது, "ஓட்டுறதா இருந்தா எடுத்துக்க. சும்மா நிறுத்தி வைக்கறதா இருந்தா இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

முதலில் மஞ்சக்குப்பத்தில் ஒரு தம்பியிடம் காட்டினேன். நல்ல வேலைக்காரர். இன்றைய வண்டி எதுவானாலும் ஸ்கேனரை மாட்டிக் கோளாறைச் சொல்லிவிடுவார். "கார்ப்ரேட்டரையே மாத்திடலாம்ணே" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபின் புது வண்டிகள் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின, புல்லட்டும்தான். அதற்குப் பிறகு தொழிலுக்கு வந்தவர் கையில் கார்ப்ரேட்டர் எப்படிப் பழகும்?

அவரே சிதம்பரத்து பாயைச் சொன்னார். வடக்கு வீதியை ஒட்டிய சந்தில் சின்னப் பட்டறை. எழுபதைத் தாண்டிய மனிதர். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்களின் வண்டிகளைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "ஸ்பேனரை நீயே எடு தம்பி. நான் சொல்றேன்" என்று ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

மிக்கார்ப் கார்ப்ரேட்டர் அது. ஜப்பானின் மிக்குனி வடிவம். அடிக்கிண்ணத்தைக் கழற்றினால் உள்ளே வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அதன்மேல் பழைய பெட்ரோல் பிசினாய்க் காய்ந்து கிடந்தது. ஸ்லோ ஜெட்டின் துளை தலைமுடி நுழையும் அளவுதான், அதுவும் அடைத்திருந்தது. நான் கம்பியைத் தேடியதும் பாய் கையைப் பிடித்தார். அந்தத் துளையின் அளவுதான் ஜெட்டின் உயிர். கம்பி ஒரு கீறல் போட்டால் பெட்ரோல் கணக்கு மாறிவிடும். ஊற வைத்து, பக்கத்துப் பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் காற்றடித்தோம். வெளிச்சத்தில் பிடித்தபோது துளைக்குள் ஒரு புள்ளி வானம் தெரிந்தது.

பிறகு அவர் சொல்லிக் கொடுத்த முறையை எந்தப் புத்தகத்திலும் நான் இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை இழுக்கிறது. கார்ப்ரேட்டரின் குறுகிய தொண்டையில் காற்று வேகமெடுக்க, அங்கே அழுத்தம் குறைகிறது. கிண்ணத்துப் பெட்ரோல் ஜெட் வழியாக மேலேறிக் காற்றோடு கலக்கிறது. சும்மா நின்று ஓடும்போது ஸ்லோ ஜெட் ஊட்டுகிறது, பாதி முறுக்கலில் நீடில், முழு முறுக்கலில் மெயின் ஜெட். ஆகவே எந்த முறுக்கலில் வண்டி திக்குகிறது என்று கேட்டாலே கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். பாய் கேட்டே சொல்கிறார், கண்ணை மூடிக்கொண்டு.

ஏர் ஸ்க்ரூவை முழுக்க மூடி ஒன்றரைச் சுற்றுத் திறந்தோம். ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல மிதித்து, டீகம்ப்ரஸரைப் பிடித்துச் சற்றே தள்ளி, விட்டு, உதைத்தேன். எஞ்சின் சூடேறியதும் ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருப்பச் சொன்னார். ஓட்டம் உயர்ந்து சீராக நின்ற இடத்தில் "போதும்" என்றார்.

கடலூருக்குத் திரும்பும்போது புதுச்சத்திரத்தில் நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். கரியும் இல்லை, வெளுப்பும் இல்லை, காபிப் பழுப்பு. சரியான கலவைக்கு அதுதான் அடையாளம். மாமா காலத்தில் ஊர் ஊராய்ப் புகுந்து வந்த சாலை இப்போது நான்கு வழி. ஊர்கள் ஓரத்தில் ஒதுங்கிவிட்டன. அவர் இதில் எவ்வளவு சந்தோஷமாகப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

பங்கில் இப்போது கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். கடல் காற்றடிக்கிற எங்கள் ஊரில் இது பெரிய கவலை. இரண்டு நாள் ஓட்டாவிட்டால் டேப்பை மூடி, கிண்ணம் காலியாகும்வரை எஞ்சினை ஓடவிட வேண்டும் என்பது பாயின் கட்டளை.

ஐம்பது வயதான வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. மாமாவின் வண்டிக்கு அந்தத் தகுதி 2034-இல் வரும். நான் அதில் சேர்க்கமாட்டேன். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் எடுக்கலாமாம், அன்றாடம் ஓட்டக்கூடாது. அத்தையிடம் நான் கொடுத்த வார்த்தை வேறு.

அடுத்த வேலை காண்டாக்ட் பிரேக்கர். மஞ்சக்குப்பத்துத் தம்பியையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் பாய்.