ஞமலியார் இலக்கணம்

சங்க நூல்களில் நாயைக் குறிக்கும் சொற்களுள் ஞமலி என்பதும் ஒன்று. அச்சொல்லோடு மரியாதை விகுதியைச் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமை விடியலில் தம் வளர்ப்பு நாயைக் காரின் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு, சென்னையிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டி மாமல்லபுரம் வந்து சேரும் நகரவாசியை இக்கட்டுரை ஞமலியார் என்று அழைக்கிறது. நாய் வைத்திருக்கும் எல்லாரும் ஞமலியார் ஆகிவிடுவதில்லை. ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்று வாசலில் பலகை மாட்டிவிட்டு, அந்தப் பலகை பொய்யாகிவிடக் கூடாதே என்பதற்காக உள்ளே ஒன்றைக் கட்டிப்போட்டிருப்பவர் வெறும் நாய் உடையவர். சவுக்குத் தோப்புக்கும் ஆட்டுப்பட்டிக்கும் காவலாக நாய் வளர்க்கும் செங்கல்பட்டுப் பக்கத்துக் குடியானவர் அதை வேலையாளாகக் காண்பவர். ஞமலியாரோ தம் நாய்க்கு நண்பர்கள் வேண்டும், அந்நண்பர்களோடு அது வாரம் ஒருமுறையாவது கூடிக் களிக்க வேண்டும், அதற்குத் திறந்த மணல்வெளி வேண்டும் என்று உறுதியாக நம்புபவர். தமக்கு அப்படி ஒரு நண்பர் கூட்டம் இருக்கிறதா என்று அவர் எண்ணிப் பார்த்ததில்லை.

இவ்வகையினரை அடையாளம் காண நாயைப் பார்க்க வேண்டிய தேவையில்லை. வினைமுற்றைக் கேட்டாலே போதும். தமிழ் இலக்கணம் மக்கள், தேவர் முதலியோரை உயர்திணை என்றும், மற்ற உயிர்களையும் உயிரற்றவற்றையும் அஃறிணை என்றும் பிரித்து வைத்திருப்பதால், ‘நாய் வந்தது’ என்பதே முறை. ஞமலியார் வீட்டில் நாய் ஒருநாளும் வந்ததில்லை. ‘அவன் வந்தான்’, ‘அவள் சாப்பிட மாட்டேங்கிறாள்’, மனம் கனிந்த வேளைகளில் ‘புள்ள தூங்குறான், டிவி சத்தத்தைக் குறை’ என்றுதான் பேச்சு நடக்கும். இதைப் பிழை என்று தள்ளிவிடவும் முடியாது. உவகை, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு ஆகிய காரணங்களால் திணை மாறி வருவதை நன்னூல் ஏற்றுக்கொள்கிறது. பிழைதான், ஆனாலும் போகட்டும் என்று விடப்படும் இத்தகைய வழக்குக்கு வழுவமைதி என்று பெயர், பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்று மகிழ்ந்து சொல்வது அதற்குக் காட்டப்படும் உதாரணம். ஆக, பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே ஞமலியாருக்கு உரிமம் எழுதிக் கொடுத்துவிட்டார். அதே விதி, கோபத்தாலும் இழிவாலும் மனிதரை நாய் என்று அழைக்கவும் வழிவிடுகிறது என்பதை, லிஃப்டில் நாயை ஏற்றலாமா கூடாதா என்ற விவாதம் நடக்கும் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குப் போய்வந்தவர்கள் அறிவார்கள்.

திணையில் நாயைத் தூக்கி நிறுத்திய ஞமலியார், மொழியில் தமிழைக் கைவிட்டுவிடுகிறார். நாயின் குட்டியைக் குருளை என்று வழங்க வேண்டும் என்பது தொல்காப்பிய மரபியல், பன்றி, புலி, முயல் ஆகியவற்றோடு சேர்த்து விதித்த மரபு. இவர் அதைப் ‘பப்பி’ என்கிறார். பிறந்தது முதல் வீட்டில் தமிழைத் தவிர வேறொன்றும் கேட்டறியாத அந்தப் பப்பிக்கு ‘சிட்’, ‘ஸ்டே’, ‘கம்’, ‘நோ’ என்னும் நான்கு சொற்களைக் கொண்ட ஆங்கிலப் பாடத்திட்டம் தொடங்கப்படுகிறது. விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம் தன் பெயரையே தந்த, 2005இல் இந்திய அஞ்சல்தலையில் இடம்பெற்ற பெருமையும் உடைய வெள்ளை வேட்டை நாயும், மாமல்லபுரத்து மணலில் ‘சிட்’ என்று சொல்லக் கேட்டுத்தான் உட்கார வேண்டியிருக்கிறது. அது அலையை நோக்கிப் பாய்ந்தோடும்போது மட்டும் ஞமலியாரின் தொண்டையிலிருந்து ‘டேய், வாடா இங்க!’ என்ற தாய்மொழி தன்னையறியாமல் வெளிப்படுகிறது. ‘கம்’ என்று ஏழு முறை சொல்லியும் திரும்பாத நாய் இதற்கு உடனே திரும்புகிறது.

பெயர் சூட்டலிலும் இதே கதைதான், ஆனால் பல்லவர் காலத்தில் நிலைமை வேறாக இருந்ததற்குக் கல்லில் சான்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல், அதாவது சண்டையில் விழுந்த வீரனுக்காக நட்டு வழிபட்ட நினைவுக்கல், இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல், தன் எருமைகளைக் காக்கும் போரில் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனைச் சொல்வதோடு நில்லாமல், கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அவனுடைய நாயையும் உருவம் செதுக்கிக் காட்டி, கோவிவன் என்ற அதன் பெயரையும் பொறித்து வைத்திருக்கிறது. மாமல்லபுரத்துக்குத் தன் பட்டப்பெயரை அளித்த மாமல்லன் நரசிம்மவர்மனின் தந்தை காலத்து நாய் அது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் கழித்து அந்த மாமல்லனின் கடற்கரையில் கூடும் நாய்கள் புரூனோ, சீசர், ஸ்கூபி, கோகோ என்று விளிக்கப்படுகின்றன. கள்ளரைக் கடிக்கும் எண்ணம் அவற்றுள் எதற்கும் இருப்பதாகத் தெரியவில்லை. கள்ளர் கையில் பிஸ்கட் இருந்தால் எண்ணம் அறவே இராது.

கூட்டம் கூடும் இடம் கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே, மீனவர் குப்பத்துப் படகுகளின் வரிசை முடியும் மணல். ஆறு மணிக்குக் கார்கள் வந்து நிற்க, கதவுகள் திறக்க, நாய்கள் இறங்கி ஒன்றையொன்று பின்புறமாக முகர்ந்துகொள்கின்றன. எதிரே நிற்பது ஆணா பெண்ணா, நட்பா பகையா என்பதை எல்லாம் மோப்பத்தாலேயே அறிந்துகொள்ளும் இந்த அறிமுகச் சடங்கு அவற்றுக்கு அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதே சடங்கைச் செய்து முடிக்க உடையவர்களுக்கு அரை மணி நேரம் ஆகிறது. ‘என்ன ப்ரீட்? எங்க வாங்கினீங்க? பேப்பர் இருக்கா?’ என்று தொடங்கும் அந்த விசாரணையில் பேப்பர் எனப்படுவது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப் வழங்கும் வம்சாவளிச் சான்றிதழ். நாயின் பெற்றோர், அவர்களுடைய பெற்றோர் என்று மேலேறிச் செல்லும் பட்டியல் அதில் அச்சிட்டிருக்கும். தம் கொள்ளுத்தாத்தாவின் பெயரைக் கேட்டால் விழிக்கும் ஞமலியார், தம் லேப்ரடாரின் கொள்ளுத்தாத்தா எந்த ஊர்க் கண்காட்சியில் பரிசு பெற்றார் என்பதைத் தடையின்றிச் சொல்வார். அறிமுகமான ஐந்தாம் நிமிடத்தில் ஊரையும் தெருவையும் கேட்டு, தெருவிலிருந்து சாதியை ஊகித்துக்கொள்ளும் பழைய விசாரணை இந்த மணலில் நடப்பதில்லை என்பதைச் சிலர் முன்னேற்றமாகக் கருதுவர். அவ்விசாரணை எங்கும் போய்விடவில்லை, நாயின் மேல் ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது என்பதே சரி. ‘எங்க பொண்ணுக்கு நல்ல குடும்பத்துல ஒரு பையன் இருந்தா சொல்லுங்க, கலர் கொஞ்சம் டார்க்கா இருந்தாலும் பரவாயில்ல’ என்ற பேச்சு காதில் விழுந்தால், அங்கே கைமாறவிருப்பது ஜாதகமா சான்றிதழா என்று சட்டென்று சொல்லிவிட முடியாது.

இந்த விசாரணையில் எத்தனை நுணுக்கம் இருந்தாலும், ஒரு செய்தி மட்டும் கேட்கப்படாமலே போய்விடுகிறது. அது உடையவரின் பெயர். தமிழ்ச் சமூகத்தில் பெற்றோர் மூத்த பிள்ளையின் பெயரால் அறியப்படுவது பழைய வழக்கமாதலால், இங்கே ஒருவர் சீசர் அப்பா, மற்றொருவர் கோகோ அம்மா. கைப்பேசியிலும் அப்படியேதான் பதிவாகியிருப்பர். சீசர் அப்பா ஓய்வுபெற்ற நீதிபதியாகவும் இருக்கலாம், பெருங்களத்தூரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவராகவும் இருக்கலாம். மூன்று ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகும் அது தெரிவதில்லை, ஆனால் சீசருக்கு எந்தக் காதில் சீழ் வந்தது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பது அனைவருக்கும் தெரியும். யானை தன்னை வளர்த்த பாகனையே கொல்லக்கூடியது, நாயோ எறிந்த வேல் உடலில் தைத்திருக்கும்போதும் வாலாட்டுவது, எனவே நாய் போன்றவரின் நட்பையே தேடிக்கொள்ள வேண்டும் என்று நாலடியார் அறிவுறுத்துகிறது. ஞமலியார் இன்னும் சுருக்கமான வழியைக் கண்டுபிடித்தவர்: நட்பைத் தேடும் பொறுப்பை நாயிடமே விட்டுவிட்டு, அது யாரோடு விளையாடுகிறதோ அவரோடு தாமும் பேசிக்கொண்டிருக்கிறார். சீசர் இறந்து போனாலும் சீசர் அப்பா சீசர் அப்பாவாகவே நீடிக்கிறார்; சில வாரங்கள் நாயில்லாமலேயே அவர் வந்து நிற்பதும், பழக்கத்தில் பையிலிருந்த பிஸ்கட்டை மற்றவர்களின் நாய்களுக்குக் கொடுப்பதும், யாரும் அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல் இருப்பதும் இக்கூட்டத்தின் எழுதாத ஒழுங்கு.

தீனி விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. பாக்கெட் தீனி கட்சியினர் கிராம் கணக்கில் அளந்து வைப்பர். தயிர்சாதக் கட்சியினர், ‘எங்காத்துல அவன் சுத்த சைவம்’ என்று அறிவிப்பர், அறிவித்துக்கொண்டிருக்கும்போதே அவன் கருவாடு காயும் பாயை நோக்கிப் போய்க்கொண்டிருப்பான். சைபீரியப் பனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கியைச் சித்திரை மாதத்தில் கடற்கரைக்கு அழைத்து வருபவர் ஒரு தனி உட்பிரிவு. வீட்டில் ஏசி அறையைப் பிள்ளையின் தேர்வுக்குக்கூட விட்டுக்கொடுக்காமல் ஹஸ்கிக்கு ஒதுக்கியிருக்கும் இவர், ஏழு மணி வெயிலுக்கே குடை பிடிப்பார், தமக்கு அல்ல.

ஞமலியாரின் வாழ்நாளில் அதிகம் உச்சரிக்கப்படும் தொடர் ‘ஒண்ணும் பண்ண மாட்டான்’ என்பது. கடலில் கால் நனைக்க வந்த குடும்பம் ஒன்று முப்பது கிலோ எடையுள்ள நாய் தங்களை நோக்கி ஓடிவருவதைக் கண்டு அலறும்போது, ஐம்பதடி பின்னால் வெறும் செயினைக் கையில் பிடித்தபடி ஓடிவரும் அவர் இத்தொடரைச் சொல்கிறார். நாயின் மேல் உள்ள நம்பிக்கையில் குறை இல்லை, ஆயினும் அந்தத் தகவல் நாய்க்குச் சொல்லப்பட வேண்டியது, குடும்பத்துக்கு அல்ல. நாய் எதிரே இருப்பவரின் மடியில் இரு கால்களையும் தூக்கி வைத்துவிட்டால் ‘விளையாடுறான்’ என்ற துணைத்தொடர் வரும். இதுவரை எல்லாம் உயர்திணை. அதே நாய் மணலில் வட்டமடித்து, முதுகை வளைத்து, உட்காரத் தொடங்கும் கணத்தில்தான் இலக்கணம் குலைகிறது. ஞமலியார் அப்போது கலங்கரை விளக்கத்தை ஊன்றிப் பார்க்கிறார், கைப்பேசியில் யாரும் அழைக்காத அழைப்பை எடுக்கிறார். வலை உலர்த்திக்கொண்டிருக்கும் மீனவர் ‘யாரு நாய் சாரு இது?’ என்று கேட்டால், ‘தெரியலையே, எங்கேருந்தோ வந்தது’ என்று பதில் வருகிறது. அவன் போய் அது வந்துவிட்டது. பாக்கெட்டில் காகிதமும் கவரும் வைத்துக்கொண்டு குனிந்து அள்ளும் ஞமலியாரும் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. அவர்கள் அள்ளிய கவரைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு குப்பைத்தொட்டி தேடி நடக்கும் தூரம் மற்றவர்கள் நாயோடு நடக்கும் தூரத்தைவிட அதிகம்.

மீனவர்களுக்கு இந்தக் கூட்டத்தின் மேல் பகையும் இல்லை, வியப்பும் தீர்ந்துவிட்டது. வலையிலிருந்து உதறி எறிந்த பேத்தை மீனை, அதாவது உடலை ஊதிக்கொள்ளும் நச்சு மீனை, கோல்டன் ரிட்ரீவர் முகர்ந்துகொண்டிருக்க உடையவர் அதைப் படம் பிடித்துக்கொண்டிருப்பதைக் கண்டால், ‘அம்மா, அதத் தின்ன உடாதீங்க, செத்துப்பூடும்’ என்று கத்துபவர்கள் அவர்களே. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி மணலைத் தோண்டி முட்டையிட்டுப் போகும் பருவத்தில், விடியுமுன் அம்முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு எடுத்துச் செல்ல நடக்கும் ஆமைத் தன்னார்வலர்களுக்கு மட்டும் ஞமலியாரைக் கண்டால் வயிற்றில் புளி கரையும். மணலைத் தோண்டுவதில் சீசருக்கு இருக்கும் ஆர்வம் அத்தகையது.

இவ்வளவையும் படகு நிழலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பது குப்பத்து நாய். அதற்கு மணி என்று பெயர். பக்கத்துப் படகின் அடியில் கிடப்பதற்கும் மணி என்றே பெயர். சான்றிதழ் இல்லை, ஆங்கிலம் தெரியாது, உயர்திணைப் பட்டமும் கிடைத்ததில்லை. ஆனால் சட்டத்தின் கவனம் முழுவதும் அதன் மேல்தான். சென்னையில் ப்ளூ கிராஸ் அமைப்பு 1964இலேயே தொடங்கிய கருத்தடைத் திட்டமும், அதே வழியில் 2001இலும் 2023இலும் வந்த மத்திய அரசின் விதிகளும், தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்ற 22 ஆகஸ்ட் 2025 நாளிட்ட உச்ச நீதிமன்ற ஆணையும் மணியைப் பற்றியவையே. கூட்டத்தில் இவ்வாணை பற்றி விவாதம் எழுந்தால் ஞமலியார்கள் இரண்டாகப் பிரிந்து காரசாரமாகப் பேசுவர். மணி இரு தரப்பாரின் பிஸ்கட்டையும் ஏற்றுக்கொள்ளும்.

வெயில் ஏறியதும் கூட்டம் கலைந்து, ஞமலியார் குடும்பம் ‘வந்ததுதான் வந்தோம்’ என்று ஐந்து ரதங்களைப் பார்க்கப் போகிறது. ரதங்களுக்குப் பாண்டவரோடு உண்மையில் தொடர்பில்லை, பெயர்கள் பிற்காலத்தில் மக்கள் இட்டவை. இருந்தாலும் அங்குள்ள மிக உயர்ந்த ரதம் தருமராசனுடையது, சொர்க்கத்தின் வாசலில் ‘நாயை விட்டுவிட்டு வா’ என்று இந்திரன் சொன்னபோது அப்படியானால் சொர்க்கமே வேண்டாம் என்று மறுத்த அதே தருமன். அந்த வளாகத்தில் ஒரே கல்லில் செதுக்கிய சிங்கம் உண்டு, யானை உண்டு, நந்தி உண்டு. தருமனின் நாய்க்குச் சிற்பி இடம் தரவில்லை. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்துக்குள், பராமரிப்புப் பணிக்கு அன்றி, எவரும் விலங்கைக் கொண்டு வரக் கூடாது என்று 1959ஆம் ஆண்டின் தொல்லியல் விதிகள் கூறுவதால், வாசற் காவலரும் இந்திரன் சொன்னதையே சொல்கிறார். தருமன் அளவுக்கு யாரும் பிடிவாதம் பிடிப்பதில்லை. 40 ரூபாய்ச் சீட்டை வாங்கிக்கொண்டு மனைவியும் பிள்ளைகளும் முதலில் உள்ளே போக, ஞமலியார் புரூனோவின் செயினைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே நிற்பது என்று ஏற்பாடாகிறது. விதியின் சொற்களைக் கூர்ந்து பார்த்தால் தடை ‘கொண்டு வருவதற்கு’ மட்டுமே; தானே வருவதற்கு அல்ல. எனவே உள்ளே, யாரும் கொண்டு வராத ஒரு செவலை நாய், தருமராச ரதத்தின் நிழல் விழும் குளிர்ந்த மணலில் நான்கு கால்களையும் நீட்டிப் படுத்துத் தூங்குகிறது.

புரூனோ அதைப் பார்த்து முனகுகிறான். ஞமலியார் அவன் தலையைத் தடவி, வேலியின் இடைவெளியில் எட்டிப் பார்த்துச் சொல்கிறார்: ‘அழாதடா கண்ணா. பாரு, டிக்கெட்கூட எடுக்காம அது எப்படி உள்ள போச்சுன்னு.’