எனக்குத் தண்ணி காட்டிய சுவர்

நம் வீடுகளில் சுவர்ப்பூச்சு உதிர்ந்தால் முதல் வைத்தியம் காலண்டர் மாட்டுவது. மளிகைக்கடை காலண்டர் தொங்கினால் ஓட்டை சின்னது, நகைக்கடை காலண்டர் தொங்கினால் பெரியது என்று விவரம் தெரிந்தவர்கள் வாசலிலேயே கணக்குப் போட்டுவிடுவார்கள். காலண்டருக்கு ஆணி வேண்டும். ஆணி அடித்தால் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் பூச்சு பெயரும். அதை மறைக்க அடுத்த வருடம் இன்னும் பெரிய நகைக்கடையாகப் பார்த்து நகை வாங்க வேண்டியிருக்கும். இந்த வைத்தியத்தைப் போல விலை உயர்ந்த வைத்தியம் வேறில்லை.

சென்னையில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் படுக்கையறையில் இந்த வைத்தியம் பல வருடம் நடந்தது. கடைசியில் முருகன் காலண்டருக்குக் கீழே தினமும் காலையில் வெள்ளைப் பொடி கொட்டிக் கிடக்க ஆரம்பித்தது. “நல்லவேளை, வெளியில யாருக்கும் தெரியல. தெரிஞ்சா விபூதி கொட்டுதுன்னு உண்டியல் வெச்சுடுவாங்க” என்றாள் அம்மா. அது சுவர் கக்கும் உப்பு. சுவருக்குள் இருக்கும் உப்பைத் தண்ணீர் கரைத்து மேலே கொண்டுவரும். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் பூத்து நிற்கும். பூக்கும்போது பூச்சையும் நெம்பிக்கொண்டு வரும்.

மேஸ்திரிக்கு போன் போட்டேன்.

“எவ்ளோ இடம் சார்?”

“ரெண்டடிக்கு ஒன்றரை அடி.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு பரிவோடு சொன்னார்: “வீடு கட்டணும்னா சொல்லுங்க சார், நாளைக்கே வரேன்.”

அவர் சொன்ன காரணத்தில் ஒரு குற்றமும் காண முடியவில்லை. ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், இருவருக்கும் டீ. வேலை ஒரு மணி நேரம், கூலி ஒரு நாள். “உங்களுக்கும் வயிறு எரியும், எங்களுக்கும் கட்டாது. ஆடி முடியட்டும், பெயின்ட் வேலையோட சேர்த்துப் பார்த்துக்கலாம்.” எந்த வருடத்து ஆடி என்று அவர் சொல்லவில்லை. இந்த நாட்டில் மூன்று மாடி கட்ட ஆள் கிடைக்கும், மூன்று சதுர அடி பூச ஆள் கிடைக்காது. சிக்கனத்துக்காகக் கொத்துக்கரண்டி எடுத்தேன் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. வேறு வழியில்லாமல் எடுத்தேன்.

விஷயம் மேல்வீட்டு சாருக்கு எட்டியது. பொதுப்பணித்துறையில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபின் அவர் பார்வையிட ஒரு கட்டுமானமும் இல்லாத குறையை என் சுவர் தீர்த்து வைத்தது. உள்ளே வந்தவர், என் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார். “அதைக் கீழ வைங்க தம்பி. சுவருக்கு ஒண்ணும் இல்ல. தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாருங்க” என்றார்.

அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. பிளாஸ்டிக் காகிதம் ஒன்றைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி, ஓரிரு நாள் விட வேண்டும். காகிதத்தின் உள்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்தால் அறையின் காற்றிலிருந்து வருகிறது. எங்களுக்கு உள்பக்கம் வியர்த்தது. சுவரின் மறுபக்கம் குளியலறை. டைல்ஸ் இடுக்குகளில் அடைப்பு போய், ஒவ்வொரு குளியலின்போதும் தண்ணீர் கொஞ்சம் உள்ளே இறங்கியிருக்கிறது. குற்றவாளி யார் என்று வீட்டில் விசாரணை நடந்தது. அதிக நேரம் குளிப்பவர் யாரென்ற கேள்வியில் எல்லோரும் என்னைப் பார்த்ததால் விசாரணையை அத்துடன் முடித்துக்கொண்டேன்.

ஆகவே படுக்கையறைச் சுவருக்கான முதல் வேலை குளியலறையில் நடந்தது. இடுக்குகளைச் சுரண்டிப் புதிதாக அடைத்தேன். அது காயும் வரை அங்கே யாரும் குளிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டேன். இருந்த இன்னொரு குளியலறை வாசலில் காலையில் கூடிய வரிசையில், நின்றவர்கள் என்னைப் பற்றிப் பேசியதை இங்கே எழுதுவதற்கில்லை. அதன்பிறகு சுவர் உலர இரண்டு வாரத்துக்கு மேல் விட வேண்டியிருந்தது. உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால்தான் தேய்த்துத் தள்ள வேண்டும். கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும்.

பிறகுதான் தட்டிப் பார்ப்பது. பிடிப்புள்ள பூச்சு ‘டக்’ என்னும். செங்கல்லை விட்டுப் பிரிந்த பூச்சு ‘டொக்’ என்னும். டொக் என்ற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வளைத்துக் கோடு போட வேண்டும். இதில் பெரிய கஷ்டம், இந்த வேலை எல்லோருக்கும் பிடித்துவிடுவது. அம்மா தட்டினாள், மகள் தட்டினாள், சமையலறையிலிருந்து வந்த மனைவி கரண்டிக் காம்பால் தட்டினாள். ஆளுக்கொரு டொக் கண்டுபிடித்தார்கள். இரண்டடிக்கு ஒன்றரை அடியாக இருந்த எல்லை மூன்றடிக்கு இரண்டரை அடியானது. மேல்வீட்டு சார் பக்கத்துச் சுவரையும் தட்டப் போனபோது, காபி கொடுத்து உட்கார வைத்தோம்.

கொத்தும் முன் மின்சாரக் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க வேண்டும். ஸ்விட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் கீழேயும் உளி வைக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் மெயினை அணைத்துவிடலாம். மெயினை அணைத்த நேரத்தில் டிவியில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதைப் பொறுத்து உங்களுக்குக் கிடைக்கும் ஒத்துழைப்பு அமையும். பழைய பூச்சின் ஓரத்தைச் சரிவாக விடாமல் செங்குத்தாக வெட்ட வேண்டும். செங்கல் இடுக்கில் இருக்கும் பழைய கலவையை 10 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டினால் புதுப்பூச்சுக்குப் பிடிமானம் கிடைக்கும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். தூசு அலமாரிக்குள் மடித்து வைத்த பட்டுப்புடவை வரைக்கும் போகும். அந்தத் தகவல் உடனே உங்களுக்குத் தெரிவிக்கப்படும்.

சாமான் வாங்குவது தனி அனுபவம். சிமென்ட் மூட்டை 50 கிலோ. எங்கள் பக்கத்து ஹார்டுவேர் கடையில் சில்லறையாகக் கிலோக் கணக்கிலும் தருகிறார்கள். மணல்தான் சிக்கல். மணலுக்குக் கணக்கு யூனிட், ஒரு யூனிட் 100 கன அடி. எனக்குத் தேவை ஒரு வாளி. பூச்சுக்கு பி-சாண்ட் என்ற சலித்த மாவு மணல் வேண்டும். கான்கிரீட்டுக்குப் போடும் எம்-சாண்ட் கொரகொரவென்று இருக்கும். பக்கத்துத் தெருவில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த இடத்தில் வாளியோடு போய் நின்றேன். காவலாளி வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “எத்தனை மாடி சார் கட்டுறீங்க?” என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார். அவருக்கு அன்றைய பொழுது போனதே போதும் போலிருந்தது.

அங்கேயே ஒரு கொத்தனார் பூசிக்கொண்டிருந்தார். பாண்டிலிருந்து கரண்டியில் கலவையை அள்ளினார், மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினார். ‘சளக்’கென்று சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. அடுத்த கரண்டி அதன் பக்கத்தில். கண் சுவரில் இல்லை, சித்தாளிடம் ஏதோ கதை பேசிக்கொண்டிருந்தார். பிறகு மட்டப்பலகையைக் கீழிருந்து மேலே இரண்டு பக்கமும் அசைத்து இழுத்தார், மேடு வழிந்தது, பள்ளம் தெரிந்தது. பள்ளத்தில் ஒரு எறி. மணியாசுக் கட்டையை வட்டமாகத் தேய்த்தார். பிரஷ்ஷில் தண்ணீர் தொட்டு ஒரு உதறல், மறுபடி தேய்ப்பு. அவருடைய விரல்நுனிகளில் தோல் பிளந்து பிளந்து காய்த்துப் போயிருந்தது. ஈரச் சிமென்ட் கடும் காரம், தோலை அரித்துவிடும். ரப்பர் கையுறை வாங்க நான் கடைக்குத் திரும்பிப் போனேன்.

கலவைக்குக் கணக்கு உண்டு. உள்சுவருக்குப் பொதுவாக ஒரு பங்கு சிமென்ட்டுக்கு ஆறு பங்கு மணல், 12 மில்லிமீட்டர் கனம். சின்ன ஒட்டு வேலைக்கு ஒன்றுக்கு ஐந்து, ஒன்றுக்கு நாலு வரை போகலாம். சிமென்ட் கூடினால் பலம் கூடும் என்று எல்லோருக்கும் தோன்றும். கூடினால் சுருக்கம் கூடும், சுருங்கினால் வெடிப்பு விடும். முதலில் தண்ணீர் இல்லாமல் நிறம் ஒன்றாகும்வரை புரட்ட வேண்டும், பிறகு நடுவில் குழி பறித்துத் தண்ணீர். நான் கலக்கியதை அம்மா எட்டிப் பார்த்தாள். வாழ்நாளில் கொத்துக்கரண்டியைத் தொட்டவள் இல்லை. “டேய், ரவா தோசைக்குக் கரைச்சிருக்கே. அடை மாவு மாதிரி இருக்கணும்” என்றாள். மேல்வீட்டு சார், “அம்மா சொல்றது கரெக்ட்” என்றார். ஐ.எஸ். 1661 என்று பூச்சு வேலைக்கு ஒரு தர விதியே இருப்பதாகவும் சொன்னார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள், விதி எண் வேண்டாமாம்.

“முப்பது நிமிஷம் தம்பி, அதுக்குள்ள கலந்ததைப் பூசி முடிங்க” என்று கடிகாரத்தைப் பார்த்தார் சார். சிமென்ட் இறுக ஆரம்பிக்க விதிப்படி குறைந்தது 30 நிமிடம் எடுத்துக்கொள்ள வேண்டும், அதற்குமேல் நம்புவதற்கில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதே பிழைக்கும் வழி.

செங்கல்லை நன்றாக நனைத்து, மேலே நீர் மினுங்குவது அடங்கியபின் சிமென்ட் பாலை பிரஷ்ஷால் அடித்துப் பூசத் தொடங்க வேண்டும். காய்ந்த செங்கல் கலவையிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். புதியவர்கள் எறிந்து பூச ஆசைப்படக் கூடாது. கீழிருந்து மேலாக அழுத்தித் தேய்ப்பது பாதுகாப்பு. அப்படியும் பாதி கீழே வரும். சுத்தமான கோணி விரித்திருந்தால் அள்ளி மறுபடி வைக்கலாம். செங்கல் வரை கொத்திய ஆழமான இடத்தில் ஒரேயடியாக அப்பினால் தன் பாரத்திலேயே வழுக்கி இறங்கும். இரண்டு கைப்பூச்சாகப் போட வேண்டும். முதல் கைப்பூச்சு இறுகும் முன் ஆணியால் கீறிவிட்டால் இரண்டாவது பிடித்துக்கொள்ளும். அந்தக் கீறலை மகளிடம் கொடுத்தேன். தன் பெயரையும், தோழிகள் பெயரையும், பிடிக்காத டீச்சர் பெயரையும் எழுதி வைத்தாள். என்ன எழுத்தானாலும் பிடிப்பு ஒன்றுதான்.

மறுநாள் மேல்பூச்சு முடிந்தது. வழுவழுப்புக்காக மேலே காய்ந்த சிமென்ட்டைத் தூவித் தேய்க்காதீர்கள், பிற்பாடு மயிரிழை வெடிப்பு விடும். நூலளவு மட்டம் தவறினால் பட்டி பார்க்கும்போது சரியாகும் என்று சார் ஆறுதல் சொன்னார். ரசமட்டத்தை மட்டும் பையிலிருந்து எடுக்கவில்லை. பெருந்தன்மையான மனிதர்.

உண்மையான சண்டை அதற்கு அடுத்த நாள் தொடங்கியது. நான் கப்பில் தண்ணீர் எடுத்து அந்தச் சுவரில் தெளித்துக்கொண்டிருந்தேன். மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

“ஏங்க, தண்ணி பட்டுத்தானே சுவர் கெட்டுதுன்னீங்க?”

“ஆமா.”

“அதுக்குத்தானே எங்களைக் குளிக்க விடலை?”

“ஆமா.”

“இப்ப நீங்களே ஊத்துறீங்க?”

நியாயமான கேள்வி. சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினை புரிந்து இறுகுகிறது. ஈரம் சீக்கிரம் போய்விட்டால் வினை பாதியில் நின்று, பூச்சு பொடிப்பொடியாக உதிரும். ஆகவே குறைந்தது ஏழு நாள் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும், ஃபேன் காற்று நேராகப் படக் கூடாது. பூசும்வரை தண்ணீர் எதிரி, பூசியபின் தண்ணீர்தான் கொத்தனார். பட்டி, பிரைமர், பெயின்ட் எல்லாம் மறுபடி நன்றாக உலர்ந்த பிறகு, அவசரப்படாமல் நாலு வாரம் கழித்து. இந்த விளக்கத்தை நான் முழுக்கச் சொல்லி முடித்தேன். அந்த ஏழு நாளும் நானும் மனைவியும் ஃபேன் இல்லாமல் படுத்தோம். அறிவியலுக்கு வீட்டில் ஆதரவு அவ்வளவுதான்.

சுவர் இப்போது நன்றாக இருக்கிறது. பக்கத்திலிருந்து பார்த்தால் லேசாக ஒரு தொப்பை தெரியும், நேரே பார்த்தால் தெரியாது.

உங்கள் வீட்டில் பூச்சு உதிர்ந்தால் முதலில் தண்ணீரைத் தேடுங்கள், கரண்டியை அப்புறம் தேடலாம். பழைய சுண்ணாம்புக் காரை வீடு என்றால் சிமென்ட் வைத்து ஒட்டாதீர்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் அடைத்துவிடும், சுற்றியுள்ள காரையும் சேர்ந்து பெயரும். கூரையின் அடிப்பக்கம் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் அது பூச்சு வேலையே அல்ல, இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள். ஒரு வாளிக் கலவையில் முடிகிற வேலையென்றால் துணிந்து இறங்கலாம். அதற்கு மேல் என்றால் மேஸ்திரிக்காக ஆடி முடியும்வரை காத்திருங்கள். வரும்போது கூலியில் பேரம் பேசாதீர்கள். மீந்த சிமென்ட்டைச் சேர்த்து வைக்காதீர்கள், மழைக்காலத்தில் கட்டி தட்டிவிடும். அக்கம்பக்கத்தில் யாருக்காவது தேவைப்படும், கொடுத்துவிடுங்கள். கலக்கிக் கொடுக்கக் கூப்பிட்டால் மட்டும் போகாதீர்கள்.