பிடித்தம்

வேலை கிடைத்த சந்தோஷத்தில் கிராணியாரிடம் லட்டுத் தட்டை நீட்டிப் பாருங்கள். கை லட்டுக்குப் போகாது, சட்டைப் பைக்குப் போகும். பேனா வெளியே வரும்.

"ஈபிஎஃப் கட்டுறானா?"

ஈபிஎஃப் என்றால் ஊழியர் சேமநிதி. யார் அந்த 'றான்' என்று கேட்கக்கூடாது. பத்து பெரெண்டாமில் சில்லு செய்யும் வெள்ளைக்காரக் கம்பெனியும் அவன்தான், ஆயர் குரோவில் அட்டைப்பெட்டி ஒட்டும் சீனர் பட்டறையும் அவன்தான். கம்பெனி என்பது கிராணியாருக்கு எப்போதும் ஒருமை, ஆண்பால், கொஞ்சம் திருட்டுப்பயல்.

இப்படிப்பட்ட கிராணியார் மலாக்கா முழுக்க உண்டு. ஜாசினில் இருக்கிறார், மெர்லிமாவில் இருக்கிறார், அலோர் காஜாவில் இரண்டு பேர் இருக்கிறார்கள். எங்கள் கிராணியார் தோட்டத்தில் செக்ரோல் என்ற ஆள்பேர் ஏடு எழுதியவர். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயம் போய்த் தாமான் வீடு வந்தது, கிராணி என்ற பட்டம் மட்டும் போகவில்லை. ஆபீஸ் இப்போது சாப்பாட்டுக் கடையின் மூலை மேசை. தாளுக்குப் பஞ்சமில்லை. கல்யாணப் பத்திரிகை, ரொட்டி சானாய் பில், எதுவானாலும் பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் போதும். செங் சன்னாசிமலை மாசிமகத்தில் கூட்டத்தை விட்டு ஒதுங்கி நின்ற ஐந்து நிமிஷத்தில், அர்ச்சனைச் சீட்டின் முதுகில் ஒரு பையனுக்கு 55 வயது ஆக்கிவிட்டார்.

"குறைஞ்ச சம்பளம் 1,700 வெள்ளின்னே வச்சுக்குவோம். ஒன் பங்கு 11 விழுக்காடு, 187. அவன் பங்கு 13, 221. ஆக மொத்தம் 408. வருஷத்துக்கு 4,896. இப்ப ஒனக்கு 18. 55 வரைக்கும் 37 வருஷம். ஒரு லட்சத்து 81 ஆயிரத்து 152. லாப ஈவு இன்னும் சேக்கல தம்பி. 2024-க்கு 6.3 குடுத்தான்."

திங்கட்கிழமைதான் வேலைக்குச் சேரப் போகிற பையன், சனிக்கிழமையே ஓய்வு பெற்று, மூட்டுவலியோடு வீட்டுக்குப் போனான்.

சரித்திரமும் அவரிடம் இதே கணக்கில்தான் ஓடுகிறது. "ஈபிஎஃப் 1951. சுதந்திரம் 1957. எது மொதல்ல வந்துச்சு பாத்துக்க." 2024 மே மாதம் மூன்றாவது கணக்கு ஒன்றைத் திறந்து, கட்டுகிற காசில் பத்து விழுக்காட்டை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்களே, அது அவருக்குச் சொந்தத் துக்கம். 408-இல் 40 வெள்ளி 80 காசு! கைப்பேசிக் கண்ணாடி மாற்ற எடுத்தேன் என்று ஒரு பையன் உளறிவிட, அன்றைக்கு அவருடைய தே தாரிக் ஆடை கட்டிப்போய் அப்படியே கிடந்தது.

என் அக்கா மகள் கோலாலம்பூரில் ஒரு வேலைக்குப் போனாள். குழந்தைகளுக்கான தமிழ்க் கார்ட்டூனுக்குப் படம் வரைகிற வேலை. சின்ன வயதிலிருந்து சுவரெல்லாம் கிறுக்கி அடி வாங்கியவள், அதையே செய்யச் சொல்லிச் சம்பளமும் தருகிறார்கள் என்றால் பூரிப்பு இருக்காதா? வந்து உட்கார்ந்து கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். கிராணியார் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லது பாப்பா. பெர்மனெண்டா, கான்ட்ராக்டா?"

"ஃப்ரீலான்ஸ், அங்கிள்."

பேனா மூடி 'டிக்' என்று மூடியது. எங்கள் வட்டாரத்தில் அந்தச் சத்தம் கேட்டுவிட்டால் பெண் கேட்டு வர இருப்பவர்கள்கூட ஒரு மாதம் தள்ளிப்போடுவார்கள்.

வேலை பிடித்திருக்கிறதா என்று அவர் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. பிடித்தம் என்றால் அவருக்குச் சம்பளத்தில் பிடிப்பதுதான்.

சும்மா சொல்லக்கூடாது, அதற்கும் காரணம் இருக்கிறது. செக்ரோலில் பேர் ஏறியவர்களுக்கு வயதான காலத்தில் ஏதோ கொஞ்சம் கைக்கு வந்தது. அதே பால்மரத்தைக் குத்தகைக்காரனிடம் வெட்டியவர்கள் அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு இவர் மேசைமுன் வந்து நின்றார்கள். பேர் இல்லை என்று தெரிந்தும் ஏட்டைப் புரட்டிக் காட்டியவர் இவர். எத்தனையோ கிழவிகளைத் தன் காசில் பஸ் ஏற்றி மலாக்காவுக்குக் கூட்டிப்போய், பாரம் நிரப்பி, கைநாட்டு வைக்க விரலைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். அதையெல்லாம் நினைத்துத்தான் இத்தனை வருஷம் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்தக் கடையில் கிளாஸ் கழுவுகிற பையன் இருக்கிறானே. வயது 19. எஸ்பிஎம் பரீட்சை எழுதிவிட்டு தெபோங் பக்கத்திலிருந்து வந்தவன். காலை ஆறு மணிக்கு வந்தால் இரவு பத்துக்குத்தான் ஏப்ரனைக் கழற்றுவான். இரண்டு வருஷமாகக் கிராணியாருக்கு தே தாரிக் கொண்டுவந்து வைப்பவன் அவன்தான். கணக்கு எழுதிய தாள்களைத் துடைத்துக் குப்பையில் போடுகிறவனும் அவன்தான். பேனா ஒருநாள்கூட அவன் பக்கம் திரும்பியதில்லை. ஒரே ஓர் ஆளை வேலைக்கு வைத்தாலும் ஏழு நாளில் முதலாளி பதிய வேண்டும், அடுத்த மாசம் 15-ஆம் தேதிக்குள் காசைக் கட்ட வேண்டும் என்று அந்த மேசையில் உட்கார்ந்துதான் ஊருக்கே பாடம் நடக்கிறது. கல்லா நாலு அடி தூரம். முதலாளிக்குக் காதும் நன்றாகக் கேட்கும்.

எனக்கு இதுதான் ஆத்திரம். வேலை தேடி அலைந்த பிள்ளைகளையே இந்த மனிதர் குறுக்கு விசாரணை செய்கிறார். வேலை கொடுத்தவனை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

போன வாரம் கேட்டுவிட்டேன். "கிராணியாரே, நம்ம பையனுக்குப் பிடிக்கிறாங்களா?"

டம்ளரை மேசையில் இரண்டு முறை சுற்றினார். "அவன் ஒண்ணும் கேக்கலியே" என்றார்.

"மத்தவங்க மட்டும் கேட்டாங்களா?"

பதில் வரவில்லை. பேனாவைப் பையில் செருகிக்கொண்டு எழுந்தார். கல்லா அருகே போய் மடியைத் தடவினார். முதலாளி வழக்கம்போலக் கையை ஆட்டிச் சிரித்தார்.

"இருக்கட்டும், கிராணியாரே. நமக்குள்ள என்ன கணக்கு."