ஸ்விட்ச் அடுக்கின் இயல்பு நிலை: பொருநைப் பாசனப் பகுதியிலிருந்து ஓர் ஆராய்ச்சி

பாபநாசம் அணையில் 100 அடி தண்ணீர் என்று சொன்னால் திருநெல்வேலிக்காரர் சந்தோஷப்படவும் மாட்டார், வருத்தப்படவும் மாட்டார். எந்த மாதம் என்று கேட்பார். கார் சாகுபடிக்குத் திறக்கிற ஜூனில் 100 என்றால் நிம்மதி. மார்கழியில் அதே 100 என்றால் முகம் சுண்டிப்போகும். மணிமுத்தாறில் 118 அடி என்றால் அணை நிரம்பிவிட்டது. சேர்வலாறில் 118 என்றால் இன்னும் 38 அடி பாக்கி. எண்ணை இவ்வளவு பக்குவமாக வாசிக்கிற சீமையில், நெட்வொர்க் அறைக்குள் நுழைந்த மாத்திரத்தில் ஸ்விட்ச் சிபியுவின் 38 சதவீதத்தைக் கண்டு பதறுவது ஏன்? இதுவே நமது ஆய்வு வினா.

களம், பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகம். ஆய்வு நெறி கருதிப் பெயர் மறைக்கப்படுகிறது. நான்கு ஸ்விட்சுகளை ஸ்டாக் கேபிளால் பிணைத்து ஒன்றாக்கிய அடுக்கு. அங்கே பதிவான உரையாடல்:

“அண்ணாச்சி, சிபியு 38-ல நிக்கி. ஆஃப் பண்ணி ஆன் பண்ணிருவமா?”

“நேத்து எம்புட்டு நின்னுச்சுலே?”

“நேத்து யாரு பாத்தா?”

ஆய்வின் மொத்தச் சாரமும் இந்தக் கடைசி வரியில் அடங்கிவிட்டது. ஆனாலும் கட்டுரை என்று வந்தபின் நீட்டித்தானே ஆக வேண்டும்.

முன்னோர் கருத்து: கேட்டலிஸ்ட் 3750 வகைக்கு சிஸ்கோ எழுதிய வழிகாட்டியின்படி, தனி ஸ்விட்ச் சும்மா இருக்கும்போதே சிபியு 5 சதவீதமாவது வேலை செய்யும், அடுக்கில் சேர்ந்தால் குறைந்தது 7 அல்லது 8. காட்டப்படும் எண்ணோ மாஸ்டர் ஸ்விட்சின் எண் மட்டுமே. அதன் கீழே எத்தனை ஸ்விட்ச் கூடுகிறதோ அத்தனைக்கும் மாஸ்டர்தான் கணக்குப்பிள்ளை. பின்வந்த 2960 வகைகளில் ‘ஹல்க் எல்.இ.டி’ என்றொரு ப்ராசஸ் உண்டு. போர்ட்டில் இணைப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும், முகப்பு விளக்குகளைக் கவனிப்பதும் அதன் உத்தியோகம். இந்த வேலைக்கு அது ஒன்றே 10 சதவீதத்துக்கு மேல் விழுங்குவதுண்டு. கோளாறல்ல, சுபாவம்.

அடுத்து, ஸ்விட்ச் 38%/2% என்று சாய்கோடு போட்டுக் காட்டுவதைக் கவனிக்க வேண்டும். முன்னது மொத்தம். பின்னது இன்டரப்ட், அதாவது பாக்கெட்டுகள் சிபியுவின் தலையில் நேரடியாக வந்து விழுகிற பங்கு. சாதாரணப் போக்குவரத்தை ஏசிக் சில்லுகளே கடத்திவிடும். சிபியுவுக்குத் தகவலே போகாது. ஆகவே மொத்தம் கூடி, பின்னெண் 5-க்குள் இருந்தால் உள்ளே ஏதோ ஒரு ப்ராசஸ் உழைக்கிறது. பின்னெண்ணே 10-ஐத் தாண்டினால் எங்கோ லூப், அல்லது பிராட்காஸ்ட் வெள்ளம் இருக்கலாம். பாக்கெட் எங்கிருந்து வருகிறது என்று தேடத்தான் வேண்டும். அணை மட்டத்தைவிட நீர்வரத்து முக்கியம் என்பது இந்த ஊருக்குப் புதிதா என்ன?

இன்னொரு சிக்கல், பார்ப்பதே எண்ணை ஏற்றிவிடும். லாகின் செய்து ‘ஷோ’ கட்டளை அடித்தால் அதற்கும் சிபியுதான் உழைக்கிறது. ஐந்து விநாடிக் கணக்கை மட்டும் பார்த்து அலறுகிறவர் பெரும்பாலும் தன் வருகையையே கண்டு அலறுகிறார். 72 மணி நேர வரைபடத்தைப் பார்க்கட்டும்.

மெமரி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 70 சதவீதத்தில் மாதக்கணக்காக அசையாமல் நின்றால் அதன் பாட்டுக்கு நிற்கட்டும். வாரத்துக்கு வாரம் ஏறி, ஒருநாளும் இறங்காமல் போனால்தான் கசிவு. ரீபூட் செய்தால் இறங்கும், தடயமும் சேர்ந்து அழியும்.

நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் ஸ்விட்ச் அடுக்கு வைத்திருப்போர், வேலை நாள் காலை ஒன்றும் ஞாயிறு மதியம் ஒன்றுமாகத் தங்கள் எண்களைக் குறித்து அனுப்பினால் இரண்டாம் பதிப்பில் நன்றியுடன் சேர்த்துக்கொள்ளப்படும். ரீபூட் செய்துவிட்டு எடுத்த எண்களை அனுப்ப வேண்டாம்.