என் கைக்கு ஏற்ற கறுப்புத் திரை

2004-இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது மேசையில் இருந்தது விண்டோஸ் கணினி. வேலை நடந்ததோ எங்கோ இருந்த ஒரு சோலாரிஸ் சர்வரில். புட்டி என்ற செயலியைத் திறந்து சர்வருக்குள் போனால் கறுப்புத் திரை, ஒரு டாலர் குறி, அப்புறம் விஐ என்ற எடிட்டர். பழக்கதோஷத்தில் அம்புக்குறியை அழுத்தினால், நிரலுக்கு நடுவே ஏ, பி, சி, டி என்று எழுத்துகள் வந்து விழும். "ஹெச், ஜே, கே, எல் மட்டும் தொடு, போதும்" என்றார் பக்கத்து இருக்கை சீனியர்.

ஏன் அந்த நான்கு விசைகள் என்பது பின்னால்தான் தெரிந்தது. 1976 வாக்கில் பில் ஜாய் பெர்க்லியில் விஐ எழுதியது ஏடிஎம்-3ஏ என்ற டெர்மினலில். அதன் விசைப்பலகையில் அம்புகள் அந்த நான்கு எழுத்துகளின் மேலேயே பொறிக்கப்பட்டிருந்தன. இன்று டேப் இருக்கும் இடத்தில் அதில் எஸ்கேப் இருந்தது. விஐயில் நிமிடத்துக்குப் பலமுறை தேவைப்படும் விசை நம் விசைப்பலகையில் மூலைக்குப் போய்விட்டது. கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக மாற்றிக்கொண்ட அன்று மணிக்கட்டுக்கு உடனே நிம்மதி கிடைத்தது.

பிறகு விஐயின் மேம்பட்ட வடிவமான விம் வந்தது, அதோடு விம்ஆர்சி என்ற என் முதல் அமைப்புக் கோப்பும். வரி எண் காட்டு, டேப்புக்கு நான்கு இடம் விடு, தேடிய சொல்லை நிறம் போட்டுக் காட்டு என்று சில வரிகள்தான். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நாள் பட்ட அவஸ்தையிலிருந்து பிறந்தது. சர்வரோடு இணைப்பு அறுந்தாலும் வேலை அப்படியே இருக்க ஸ்க்ரீன் என்ற கருவியைக் கற்றுக்கொண்டேன். வீட்டில் கரண்ட் போய் வந்தபின் மறுபடி உள்ளே நுழைந்தால், பாதியில் விட்ட வரியிலேயே கர்சர் காத்திருக்கும். அதே வேலையைச் செய்யும் டிமக்ஸுக்கு மாறிய பிறகும் அதன் கன்ட்ரோல்-பியை ஸ்க்ரீனின் கன்ட்ரோல்-ஏவாக மாற்றித்தான் வைத்திருக்கிறேன். விரல்களுக்குப் பழகியது அதுதான்.

இன்று வசதிகள் எவ்வளவோ பெருகிவிட்டன. அன்று ஒரு ஃபங்ஷன் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க சிடேக்ஸ் என்ற கருவியை ஓட்டிப் பட்டியல் எடுக்க வேண்டும். நிரல் மாறினால் மறுபடி ஓட்ட வேண்டும். 2016-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எல்எஸ்பி என்ற நெறிமுறை அந்தப் பாட்டைத் தீர்த்தது. விம்மிலிருந்து கிளைத்த நியோவிமின் 2021-இல் வந்த 0.5 பதிப்பு அதை உள்ளேயே சேர்த்துக்கொண்டது. என் அமைப்பு முழுவதும் இப்போது லுவாவில் எழுதிய சில கோப்புகள். கிட் களஞ்சியத்தில் வைத்திருக்கிறேன், எந்த லேப்டாப் கைக்கு வந்தாலும் இறக்கிவிட்டால் என் வீடு மாதிரி ஆகிவிடும்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் லேஸிவிம் போன்ற ஆயத்தத் தொகுப்புகளை ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்கிறார்கள். நல்லதுதான், முதல் நாளே வேலை ஓடுகிறது. "இந்தப் பக்கப் பட்டியல் எந்த வரியால வருது?" என்று கேட்டால் மட்டும் தயங்குகிறார்கள். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: வாரம் ஒரு கோப்பைத் திறந்து படியுங்கள், ஒரு வரியை மாற்றிப் பாருங்கள். வேகம் கூடுவது சின்ன லாபம். கருவி என்பது திறந்து மாற்றக்கூடியது என்ற தைரியம்தான் பெரிய லாபம். விம் பிறந்ததே அப்படித்தான். பிராம் மூலெனாரின் அமிகா கணினியில் விஐ இல்லை. ஸ்டீவி என்ற சிறு எடிட்டரின் மூல நிரலை எடுத்துத் திருத்தத் தொடங்கினார். 1991-இல் அது விம் ஆக வெளிவந்தது.

அந்தத் தைரியம் நமக்கு வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. டெர்மினல் திரை கட்டம் கட்டமானது. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பது ஆங்கிலத்தை வைத்துப் போட்ட கணக்கு. 'கொ' என்று எழுதினால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக விரிந்து நிற்க வேண்டும். பல டெர்மினல்களில் அது சிதைகிறது, அல்லது கட்டத்துக்குள் நசுங்குகிறது. செயலிகளின் தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்புகளைத் திருத்தும்போது இதோடு மல்லுக்கட்டுகிறேன். எழுத்துருவை மாற்றியும் பார்த்தேன். கோளாறு டெர்மினலின் உள்ளேயே இருப்பதால் அமைப்புக் கோப்பால் தீராது. ஆனால் அந்த டெர்மினல்களில் பலவற்றின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. சொந்த அமைப்புக் கோப்பில் கைவைத்துப் பழகிய தமிழ்ப் பிள்ளைகள் அடுத்துத் திறக்க வேண்டியது அதைத்தான்.