கைகட்டி, வாய்பொத்தி: கேள்வி-பதில்

இந்த வாரக் கடிதங்களில் பாதி, ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளின் படிப்பையும் நடத்தையையும் பற்றியவை. பிள்ளைகள் யாரும் எழுதவில்லை. அவர்களுக்கு வேலை இருக்கும்.

கே: ஒரு வாரம் நல்ல பிள்ளையாக இருந்தால் சொக்லட் என்று மகனிடம் சொன்னேன். செவ்வாய்க்கிழமையோடு முடிந்துவிட்டது. என்ன செய்வது? (தரம் 2 மாணவனின் தாய், தலவாக்கலை)

ப: இரண்டு நாள் தாக்குப் பிடித்தானே! தேர்தல் முடிந்த பின் அவ்வளவு நாள்கூட நல்லவராக இருக்க முடியாதவர்களுக்கு வாக்குப் போட்டுவிட்டு, ஏழு வயதுப் பிள்ளையிடம் ஒரு வாரம் கேட்கிறோம். 'நல்ல பிள்ளை' என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவனிடம் யாராவது சொன்னார்களா? இந்த வாரம் அழிறப்பரைத் தொலைக்காமல் வரட்டும், அது போதும். சொக்லட்டில் இரண்டு நாள் பங்கை இன்றே கொடுத்துவிடுங்கள். கூலி பாக்கி வைக்கும் பழக்கம் வீட்டுக்குள் வேண்டாம்.

கே: பேத்தி தரம் 1. வகுப்பில் விளையாட்டுத்தானாம். கொப்பி வெறுமையாக இருக்கிறது. (ஒரு தாத்தா, மஸ்கெலியா)

ப: டீச்சர் தன் வேலையைத்தான் செய்கிறார். தொண்ணூறுகளின் இறுதியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமே விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்று மூன்றையும் வைத்தது. சின்ன வகுப்பில் விளையாட்டு கூட, தரம் 5 நெருங்க எழுத்து கூட. கணக்கு வரவில்லையே என்று பயந்தால் கையில் நாலு கொழுந்து கொடுங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் மூன்று. மூன்றாம் வாய்ப்பாடு தானாக வரும். கழித்தலுக்குக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கூட்டிப் போங்கள். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று அங்கே கழிக்கிற வேகத்தில் எந்த ஆசிரியரும் கற்பிக்க முடியாது.

கே: எங்கள் காலத்தில் பிரம்பு இருந்தது, நாங்கள் உருப்பட்டோம். இன்று கை வைக்கவே கூடாதாமே? (ஓய்வுபெற்ற ஒருவர், டிக்கோயா)

ப: கூடாதுதான். கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டு 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை அடியைத் தடை செய்து இரண்டு தசாப்தம் ஆகிவிட்டது. உருப்பட்டவர்கள் எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். அதே பிரம்புக்குப் பயந்து தரம் 4இலேயே பாடசாலைப் பக்கம் வராமல் போனவர்கள் எப்படி எழுதுவார்கள்?

கே: பழைய தோட்டப் பாடசாலையில் இருந்த ஒழுக்கம் இன்று ஏன் இல்லை? (ஒரு வாசகர், பொகவந்தலாவை)

ப: அந்தப் பாடசாலையை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். ஒரே அறை, பல இடங்களில் ஒரே வாத்தியார். அதிபர் அவரே, மணி அடிப்பவரும் அவரே, லயத்து ஆட்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவரும் அவரே. ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கிற மற்ற வகுப்புகள் வாய் மூடியிருக்க வேண்டும். நாம் ஒழுக்கம் என்று கொண்டாடுவது பெரும்பாலும் இடப் பற்றாக்குறை. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. மலை ஏறி வர அதற்கு வெகுகாலம் பிடித்தது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையான காலத்தில்தான் பாடசாலைகளையும் அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. பிறகு சுவீடன் உதவியில் கட்டடங்கள் எழுந்தன. பத்தனையில் ஜெர்மன் உதவியோடு ஸ்ரீ பாத கல்வியியல் கல்லூரி வந்து, மலையகப் பிள்ளைகளே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் ஆனார்கள். அறைகள் பிரிந்துவிட்டன. 'சத்தம் போடாதே' மட்டும் பழைய அறையிலேயே நிற்கிறது.

கே: மகள் வகுப்பில் வாயே திறப்பதில்லை. டீச்சர் 'ரொம்ப நல்ல பிள்ளை' என்கிறார். சந்தோஷப்படலாமா? (தரம் 3 மாணவியின் தாய், கொட்டகலை)

ப: அவசரப்படாதீர்கள். காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் கைகட்டி நின்றது நம் பாட்டன் காலத்து மரியாதை. அது வேலை பறிபோகாமல் இருக்கக் கற்ற வித்தை. பேத்திக்கு எதற்கு? விளங்காத கணக்கை 'விளங்கவில்லை டீச்சர்' என்று எழுந்து சொல்வதும் நல்ல நடத்தைதான், அதற்கும் புள்ளி உண்டு என்று டீச்சரிடம் பேசிப் பாருங்கள். தினமும் காலையில் வரவு இடாப்பை மகள் வாசிக்கட்டும். முப்பது பெயரைச் சத்தமாகக் கூப்பிட்ட பிள்ளைக்கு முப்பத்தோராவதாக ஒரு கேள்வி கேட்பது பெரிய காரியமில்லை.

கே: ஏழரைக்குப் பிந்தி வரும் பிள்ளைகளை வாசலில் நிறுத்துவது சரியா? (ஒரு தந்தை, வட்டவளை)

ப: வட்டவளை மழையில், மேல் டிவிஷனிலிருந்து அட்டையைத் தட்டிக்கொண்டு இறங்கி வருகிற பிள்ளையையா? வாசலில் நின்றால் முதல் பாடம்தான் போகும். சேர் பிந்தினால் பஸ் பிந்தியது என்கிறார். பிள்ளைக்கும் ஒரு பஸ் விடுங்கள், அதுவும் அதையே சொல்லும்.

கே: வெள்ளைச் சப்பாத்து? (நானுஓயா)

ப: மண் ரோட்டைப் பார்க்காதவர் கண்டுபிடித்தது.

கே: மகனுக்கு இந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. தவறினால்? (ஒரு தாய், நோர்வூட்)

ப: தரம் 6க்குப் போவான். வெட்டுப்புள்ளி பெரிய பாடசாலைக்கும் உதவிப் பணத்துக்கும்தான், படிப்புக்கு இல்லை. பரீட்சைக் காய்ச்சல் பிள்ளைக்கா, வீட்டுப் பெரியவர்களுக்கா என்று முதலில் தொட்டுப் பாருங்கள்.

கே: வெள்ளிக்கிழமை தோறும் 'வாரத்தின் நல்ல பிள்ளை' தெரிவு செய்கிறேன். மாறி மாறி அதே மூவருக்கே போகிறது. (ஓர் ஆசிரியை, பூண்டுலோயா)

ப: அந்த மூவரும் கணக்கப்பிள்ளை வீடு, கடை வீடு, உங்கள் சக ஆசிரியர் வீடு என்றால், பரிசு வாங்குவது இஸ்திரி போட்ட சட்டை. அடுத்த வெள்ளி, பென்சில் இல்லாதவருக்கு இரவல் கொடுத்தவருக்கே பரிசு என்று அறிவியுங்கள். ஓர் எச்சரிக்கை: திங்களன்று வகுப்பில் பாதிப்பேர் பென்சில் இல்லாமல் வருவார்கள், மீதிப்பேர் இரண்டோடு வருவார்கள். பேசி வைத்திருப்பார்கள்.