தலைக்கேறிய தோல்

ஆம்பூர்ப் பக்கம் மண்ணைக் கிளறும்போது பழைய பித்தளைப் பக்கிள் ஒன்று தலைகாட்டினால், முதலில் அதை ஆராய்கிறவர் காயலாங்கடைக்காரர். தராசில் போடுவார், விலை சொல்வார், ஆராய்ச்சி முடிந்தது. அவசரப்படாதவர்களிடம் பக்கிள் இன்னும் கொஞ்சம் பேசும். பாதத்தின் மேல் படிகிற மாதிரி வளைந்து, பூவேலையோடு பெரிதாக இருந்தால் அது துரையின் ஷூவில் இருந்தது, 18ஆம் நூற்றாண்டு. ஷூவுக்குக் கயிறு கட்டும் பழக்கம் வந்து அதன் பிழைப்பில் மண் விழுந்தபோது, பர்மிங்காம் பட்டறைக்காரர்கள் இளவரசரிடமே போய் ‘நீங்களாவது மாட்டிக்கொள்ளுங்கள் சாமி’ என்கிற பாணியில் மனுக் கொடுத்தார்கள். பாம்பு மாதிரி நெளிந்த கொக்கி என்றால் விக்டோரியா ராணி காலத்துச் சரக்கு. சின்னதாக இருந்தால் கழுத்துப் பட்டையினுடையதாக இருக்கலாம். வெள்ளைக்காரச் சிப்பாய் மோவாயை நிமிர்த்தி நிற்பதற்காகக் கழுத்தில் விறைப்பான கறுப்புத் தோல் பட்டை கட்டியிருப்பான், வேலூர் வெயிலிலும். நம் ஊரில் அதை வேறொரு பிராணிக்குத்தான் கட்டுவோம்.

முட்டை வடிவத் தகட்டில் எண் இருந்தால் மார்புப் பட்டையில் இருந்தது. எண் எந்த ரெஜிமெண்ட் என்று சொல்லும். 69 என்று இருந்தால் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளுங்கள். 1806 ஜூலை 10 அன்று, விடிவதற்கு முன்பே, வேலூர்க் கோட்டையில் தூக்கத்திலிருந்து நேராக மேலோகம் போன நூற்றுக்கு மேற்பட்டோர் அந்த ரெஜிமெண்ட்காரர்கள்.

எல்லாம் ஒரு துண்டுத் தோலால் வந்த வினை.

கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த நம் சிப்பாய்கள் தோலுக்கு எதிரிகள் இல்லை. மார்பின் குறுக்கே தோல் பட்டை, தோட்டாப் பெட்டி தோல், செருப்பும் தோல், ஒருவரும் முணுமுணுக்கவில்லை. தோலுக்கு இடுப்பு உண்டு, கால் உண்டு, தலை மட்டும் கிடையாது. தோல் மண்டியில் வேலை பார்க்கும் பையனுக்கும் தெரிந்த இந்தச் சங்கதி, மதராஸ் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக்குக்குத் தெரியவில்லை. 1805 நவம்பரில் உத்தரவு போட்டார்: நெற்றியில் விபூதி, நாமம் கூடாது, தாடியை மழி, மீசைக்கு அளவு, கடுக்கனைக் கழற்று. கூடவே தொப்பி மாதிரியான புதுத் தலைப்பாகை, அதில் தோலால் செய்த ஒரு குஞ்சம். தோல் பசுவா, பன்றியா? சந்தேகம் போதும். இந்துவையும் முஸ்லிமையும் ஒரே பந்தியில் உட்காரவைத்த பெருமை கம்பெனியின் தையற்காரருக்குத்தான் போகவேண்டும்.

மே மாதம் சில சிப்பாய்கள் மாட்டமாட்டோம் என்றார்கள். இருவருக்குத் தலா 900 கசையடி. தலை மறுத்ததற்கு முதுகு கட்டிய அபராதம்.

ஜூலையில் பதில் வந்தது. கோட்டை சிப்பாய்கள் கையில்; உள்ளேயே காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகள் பேரைச் சொல்லி மைசூர்க் கொடியும் ஏறியது. பிறகு பலர் சூறையாடப் போய்விட்டார்கள். ஆற்காட்டிலிருந்து 16 மைல் குதிரையை விரட்டிக்கொண்டு வெள்ளைக்காரக் குதிரைப்படை அதிகாரி கில்லெஸ்பி வந்து சேர்ந்தார். மேலே உயிரோடு மிஞ்சிய வெள்ளைக்காரர்கள் கயிறும் ஒரு சார்ஜெண்டின் இடுப்புக் கச்சையும் தொங்கவிட, துரை அதைப் பிடித்துக்கொண்டு மதில் ஏறினார். தலைப்பாகைக்கு அத்தனை விதி எழுதிய கம்பெனியைக் கடைசியில் காப்பாற்றியது, பக்கிள்கூட இல்லாத அந்த இடுப்புத் துணி.

பின்னால் வந்த பீரங்கி கதவைப் பிளந்தது. ஏறக்குறைய நூறு சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். இந்த இடத்தில் மட்டும் எனக்கு நகைச்சுவை வரமாட்டேன் என்கிறது.

மூன்று பட்டாளங்கள் கலைக்கப்பட்டன. உடை உத்தரவு வாபஸ். கிராடக்கையும் கவர்னர் பெண்டிங்க்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. பெண்டிங்க் 1828இல் கவர்னர் ஜெனரலாகவே திரும்பி வந்தார். சில பேருக்கு அப்படி ஒரு ஜாதகம்.

இன்றைக்குக் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. உலோகம் தேடும் கருவியோடு உள்ளே நுழைந்தால் அகப்படுவது பக்கிள் இல்லை, நீங்கள். உங்கள் சொந்தக் கொல்லையில் கிடைத்தாலும் 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் காத்திருக்கிறது: பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையலைப் பற்றிக் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்கவேண்டும். உங்கள் பக்கிள் பத்து ரூபாயைத் தாண்டுமா என்று காயலாங்கடைக்காரரைத்தான் கேட்கவேண்டும். தாண்டும் என்றால், கலெக்டர் ஆபீசுக்கு பஸ் ஏறுங்கள்.